லோக்லின் ஹேன்லி கேட்ட பங்கு

அர்ட்மாயில் பிரபுவின் நிலத்தைக் கூறுபோட டப்ளினிலிருந்து அரசாங்க அதிகாரி வந்து இறங்கியபோது, ஆற்றங்கரைப் புல்வெளி வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் லோக்லின் ஹேன்லி. மற்றவனெல்லாம் அந்தப் புல்வெளியில் ஒரு மூலையாவது கிடைக்காதா என்று பாராளுமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் தவம் கிடந்தான். இவனுக்கு அதைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். பிரபு வீட்டு மாடுகளை முப்பது வருஷம் மேய்த்தவன் என்பதால் முதல் உரிமை இவனுக்குத்தான். இவனோ தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "எனக்குக் கோட்டைமேட்டு வயல் போதுங்கய்யா" என்றான்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வரைபடத்தை மறுபடி பார்த்தார். கோட்டைமேட்டு வயலில் பாதி பாறை, மீதி முட்செடி. நடுவில் எந்தக் காலத்திலோ மண்ணால் எழுப்பிய வட்ட வரப்பு, அதன்மேல் முள்மரங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அந்த வட்டத்துக்குள் குடியிருப்பவர்களை ஊரில் யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். மேட்டுக்காரர்கள் என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அந்த மரத்தில் ஒரு குச்சி ஒடிக்க எவனுக்கும் நெஞ்சுத் துணிவு கிடையாது.

"அதுல என்னத்தப்பா மேய்ப்ப?"

"பாத்துக்கறேங்கய்யா."

காரணத்தை அவன் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வயலில், அந்த வட்டத்துக்குள், தெற்கு ஓர முள்மரத்தடியில் அவன் பிள்ளை இருந்தது.

பிரபுவின் டெவரல் குடும்பம் அந்த மண்ணுக்கு வந்து எழுநூறு வருஷம் என்பார்கள். கவசம் போட்டுக்கொண்டு குதிரையில் வந்த முதல் டெவரல், ஹேன்லிகளை அடித்துத் துரத்திவிட்டு ஆற்றங்கரையில் ஒரு கோபுரம் கட்டினானாம். இதைச் சொல்வது ஹேன்லிகள். அந்தச் சீமையில் எந்தக் கூலிக்காரனைக் கேட்டாலும் அவன் பாட்டன் ராஜாதான், அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்க வேண்டும். டெவரலின் பேரன்கள் ஊர்ப் பெண்களைக் கட்டினார்கள், ஊர்ப் பாஷை பேசினார்கள், மூன்று தலைமுறையில் ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். பிறகு இங்கிலாந்து ராஜா மதத்தை மாற்றினான். நிலம் கைவிட்டுப் போய்விடுமே என்று டெவரல்களும் பழைய பூசையை விட்டுவிட்டுப் புதுக் கோயிலுக்கு நடந்தார்கள். அதற்குக் கூலியாகப் பிரபுப் பட்டம் வந்தது. பஞ்சத்தில் உருளைக்கிழங்கு அழுகி ஜனங்கள் வழியோரம் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, அப்போதிருந்த பிரபு, அந்தப் புண்ணியவான், குத்தகை தராத குடிசைகளின் கூரையைப் பிரித்துப் போடச் சொன்னான். மனுஷர் இருந்த இடத்தில் புல் வந்தது, புல்லைத் தின்ன மாடு வந்தது. மாட்டை மேய்க்க ஆள் வேண்டுமே, லோக்லினின் பாட்டன் அந்த வேலையில் சேர்ந்தான். கூரை போனவர்களில் அந்தப் பாட்டனின் சித்தப்பாவும் ஒருவர். ஹேன்லி வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அந்த வேலை பாட்டனிடமிருந்து அப்பனுக்கும் அப்பனிடமிருந்து லோக்லினுக்கும் வந்தது. மதிலுக்கு உள்ளே ஓடு போட்ட சின்ன வீடு, ஒரு பசுவை வைத்துக்கொள்ள உரிமை, வருஷத்துக்கு ஒரு கோட்டு. அவன் அதிகம் பேசாதவன். கல்யாணமே ஆகாது என்று ஊர் முடிவு கட்டியிருந்தபோது, பிரபு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த டீலியாவைக் கட்டினான். எப்படிக் கேட்டான் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. "அவன் எங்க கேட்டான்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே இருந்தான். பாவமா இருந்துச்சு, நானே கேட்டுட்டேன்" என்பாள் டீலியா.

பிள்ளை மட்டும் வரவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் மனசை ஆற்றிக்கொண்ட பிறகு உண்டானாள்.

அது கெட்ட காலம். ஆங்கிலேயன் போன கையோடு நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பாலத்தைத் தகர்த்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அர்ட்மாயில் மாளிகை தப்பித்தது. அதில் கிழவி ஒருத்திதான் இருந்தாள், பிரபுவின் விதவை. இரண்டு மகன்களையும் உலகப் போருக்குக் கொடுத்தவள். ஒருவன் துருக்கிக் கடற்கரையில் போனான், மற்றவன் பிரான்சுச் சேற்றில். ஒரு எலும்பும் திரும்பி வரவில்லை. தீ வைப்பார்கள் என்று பயந்து குடும்பத்து வெள்ளிச் சாமான்களை எங்கோ புதைத்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. புதைக்க என்ன இருந்தது? ஒழுகுகிற கூரைக்கு ஓடு வாங்க எல்லாவற்றையும் அதற்கு முன்பே டப்ளினில் விற்றிருந்தாள். ஊருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் நம்பியிருக்காது.

டீலியாவுக்கு நாள் நெருங்குவதற்கு முன்பே வலி எடுத்தது. லோக்லின் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினான். பாலம் இல்லாததால் துறை வழியாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், கேட் ரூன் என்ற அந்த மருத்துவச்சியைத் தோளில் சுமந்து திரும்பினான். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. டீலியா நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய பெண் குழந்தை. தொட்டால் இன்னும் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

கேட் ரூன் குழந்தையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "தண்ணி ஊத்தக்கூட ஆளில்லாமப் போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் இல்லாவிட்டால், மூச்சு இருக்கும்போதே யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே, யார் குரலும் எட்டாத ஓரிடத்தில் கடைசிவரை இருக்க வேண்டியதுதான். சாமியார்கள் அப்படித்தான் சொன்னார்கள், ஜனங்கள் அப்படித்தான் நம்பினார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைத் தகப்பன்தான் தனியாகத் தூக்கிப் போவான், செபம் இல்லை, மணி இல்லை. தாய்க்கு இடத்தைச் சொல்வதும் இல்லை. போகும் இடம் மேட்டுக்காரர்களின் வட்டம், அங்கேதான் யாரும் தோண்ட மாட்டார்கள்.

லோக்லின் பிரபு வீட்டுக் கொட்டகையில் பலகை தேடினான். சத்தம் கேட்டுக் கிழவி வந்து நின்றாள்.

"என்ன தேடுற, லோக்லின்?"

"பலகை, தாயே. சின்னதா இருந்தாப் போதும்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு ஓக் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளிக் கரண்டிகள் வைத்திருந்த பெட்டி, உள்ளே நீல வெல்வெட், மூடியில் டெவரல்களின் மான்தலைச் சின்னம். "இதுல இருந்ததெல்லாம் போயிடுச்சு. எடுத்துட்டுப் போ" என்றாள். பிறகு, "எம் பசங்களுக்கு இதுகூட கெடைக்கல" என்றாள்.

டீலியா ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். கண் திறந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கய்யா வெச்ச?"

அந்த முகத்தைப் பார்த்து எந்த ஆண்பிள்ளையால் உண்மையைச் சொல்ல முடியும்? "கல்லறைத் தோட்டத்துல" என்றான் லோக்லின். "வடக்குச் சுவரோரம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "சரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்படி விட்டார்கள், சாமியார் என்ன சொன்னார், ஒன்றும் இல்லை. காய்ச்சலில் அவளுக்கு யோசிக்கத் தெம்பில்லை, கடவுள் காப்பாற்றினார் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளைப் பேச்சே எழவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீலியா வடக்குச் சுவரோரம் போய் முட்டி போட்டுவிடுவாள். ஒருநாள் அவன் பின்னால் போய் நின்றபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். "செவலைக்கு இந்தத் தடவ கன்னு நல்லபடியா வரணும்டி. ஆண்டவர்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. ஒங்கப்பனுக்கு முதுகுவலி, அதையும் சொல்லு." லோக்லின் ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டான். வெறும் மண்ணிடம் பேசுகிறாளே, கேட்க முடியாத பிள்ளையிடம் சிபாரிசு கேட்கிறாளே என்று நெஞ்சு அறுந்தது. அறுந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலை எப்படிப் பிடுங்குவது?

பதிமூன்று வருஷம் அப்படியே ஓடியது. கிழவி செத்தாள். நிலம் கென்யாவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த, பிரபுவின் தம்பி மகன் ஒருவனுக்குப் போனது. அவன் வந்து பார்க்கக்கூட இல்லை, அரசாங்கத்துக்குத் தள்ளிவிட்டான். எழுநூறு வருஷத்துப் பூமி ஒரு கையெழுத்தில் முடிந்தது. அதற்காக அழுதவர் யாருமில்லை. இனி அந்த மேட்டுப் பக்கம் போக எனக்கு என்ன பாத்தியதை என்று லோக்லின் மட்டும் கலங்கினான். மாட்டை ஓட்டிக்கொண்டு தினமும் போகிறவனை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அடுத்தவன் வயலாகிவிட்டால் கேட்பார்கள். அதனால்தான் அந்தப் பங்கு வேண்டும் என்றான்.

பேச்சு அன்றைக்கே கொல்லர் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது.

"எந்தப் புல்லத் தின்னா மாடு கொழுக்கும்னு அவனவிட யாருக்குய்யா தெரியும்?" என்றான் டோமினிக் டோலன். லோக்லினுக்கு அடுத்த வீட்டுக்காரன், வாய்க்காரன், கெட்டவன் என்று சொல்ல முடியாது. "அவன் போயி முள்ளுக்காட்டக் கேக்குறான். நாமெல்லாம் என்ன காதுல பூ வெச்சிருக்கமா?"

"பழக்க தோஷமா இருக்கும்" என்றார் கொல்லர்.

"தோஷமாவது மண்ணாவது. கெழவி வெள்ளி எங்க போச்சு? பொதைக்கச் சொன்னா அவ யாரக் கூப்பிட்டிருப்பா? எங்க தாத்தாவயா? மாடு மேய்க்கிறவனத்தான? அவனும் இத்தன வருசம் அது மேல உக்காந்து அடகாக்குறான், பாருங்க."

பட்டறை சிரித்தது, சிரித்துவிட்டு யோசித்தது. டோலனின் மைத்துனன் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஓட்டுச் சேர்த்தவன். மாசம் முடிவதற்குள் கோட்டைமேட்டு வயல் டோலன் பெயருக்கு வந்துவிட்டது. லோக்லினுக்கு, அவன் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், ஆற்றங்கரைப் புல்வெளி.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். டோலனுக்கு என்ன ஆசை இருந்தாலும் மேட்டுக்காரர்கள் பயம் அதைவிடப் பெரிது. ஆனால் பெற்ற மனசு சும்மா இருக்குமா? மறுநாளே டோலன் வீட்டுக்குப் போனான். டோலனின் மனைவி தெரேசா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"டோமினிக், மாத்திக்கலாமா?"

"எத?"

"ஆத்தங்கரை ஒனக்கு. கோட்டைமேடு எனக்கு."

டோலன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். "மேல எதுவும் வேணாமா?"

"வேணாம்."

"லோக்லின் அண்ணே, இந்த மாதிரி தர்மப்பிரபு டெவரல் வம்சத்துலகூட பொறக்கலியே" என்று டோலன் தொடையில் தட்டிச் சிரித்தான். பிறகு குனிந்து குரலை இறக்கினான். "அதுல என்ன இருக்குன்னு சொல்லிடு. ஆளுக்குப் பாதி. கோயில்ல சத்தியம் பண்றேன்."

லோக்லின் வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான். சொல்லியிருந்தால் டோலன் தொப்பியைக் கழற்றிவிட்டு வயலை அப்படியே கொடுத்திருப்பான், அவனும் இரண்டு பிள்ளையைச் சாகக் கொடுத்தவன்தான். ஆனால் அடுப்பங்கரையில் ரொட்டி தீய்வதுகூடத் தெரியாமல் தெரேசா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீலியாவோடு சேர்ந்து நடந்து வருகிறவள் அவள்தான்.

"ஒண்ணுமில்ல. பழகின எடம்" என்றான் லோக்லின்.

"எனக்கும் பழகிடும்ண்ணே."

யாரும் தொடத் துணியாத இடத்துக்கு இவனே போய் வழி காட்டிவிட்டு வந்தான். அடப்பாவி மனுஷா.

அறுவடை முடிந்து டோலன் வீட்டில் கதிரடிக்கும் நாள் வந்தது. அந்த ஊரில் ஒருவன் வீட்டுக் கதிரடிப்புக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போக வேண்டும். ஆண்கள் எந்திரத்தடியில், பெண்கள் சமையற்கட்டில். டீலியா பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும் வேகவைக்கிற பெரிய பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாதி வேலையில் எந்திரத்தின் பட்டை அறுந்தது. தைத்துக்கொண்டு வர லோக்லின் வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான்.

வேலையில்லாமல் நிற்கிற இருபது ஆண்களும் ஒரு பீப்பாய் கருப்பு பீரும் இருந்தால் என்ன நடக்கும்? ஒருவன் ஆரம்பித்தான். "டோமினிக், மேட்டுக்காரங்களுக்கு ஒன்னக் கண்டா பயமா, இல்ல ஒனக்கு அவங்களக் கண்டா பயமா?" டோலனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயில் தீர்த்தக் குப்பியைக் காவலுக்குச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மண்வெட்டியோடு புறப்பட்டான். நாலு பேர் கூடப் போனார்கள். வட்டத்துக்குள் தெற்கு ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கல், நட்டு வைத்த மாதிரி நின்றது. அதற்குக் கீழே ஒரு முழம்கூடப் போகவில்லை, மண்வெட்டி மரத்தில் இடித்தது.

லோக்லின் வண்டியில் திரும்பியபோது முற்றம் ஒரே கூச்சல். மேசையை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஈர மண் ஒட்டிய ஓக் பெட்டி, மூடியில் மான்தலை. பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றார்கள். டோலன் உளியை மூடியிடுக்கில் வைத்துக்கொண்டிருந்தான்.

"வா அண்ணே, வா. நான் சொன்னேனா இல்லியா? டெவரல் சின்னத்தப் பாரு."

"தொறக்காத" என்றான் லோக்லின்.

"பயப்படாத, ஒனக்கும் பங்கு உண்டு."

"டோமினிக், தொறக்காத. அதுல வெள்ளி இல்ல."

"பின்ன என்ன, கெழவியோட பல்செட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். டோலன் உளியை அழுத்தினான், மூடி ஒரு விரல்கடை எழும்பியது. லோக்லின் வண்டியிலிருந்து குதித்து வந்து இரண்டு கையையும் மூடிமேல் வைத்து அழுத்திக்கொண்டான். டீலியா எதிரில் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வேறு வழியில்லை.

"இது என் புள்ள" என்றான்.

டோலன் கையிலிருந்து உளி நழுவியது. ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

டீலியா மேசைக்கு வந்தாள். "எந்தப் புள்ள?"

"நம்ம புள்ளதான். கல்லறையில வெக்கலடி. ஒங்கிட்ட பொய் சொன்னேன். எப்படி வெக்கறது? தண்ணி ஊத்தாத புள்ளைய அங்க விடமாட்டாங்களே."

"தண்ணி ஊத்தலைன்னு யார் சொன்னா?"

அவன் அவளைப் பார்த்தான்.

"நான் ஊத்தினேன்" என்றாள் டீலியா. "நீ ஆத்தத் தாண்டிப் போயிருந்த. அவ பொறந்து மூச்சு விட்டா, லோக்லின். கொஞ்ச நேரம்தான், ஆனா விட்டா. தலைமாட்டுல கோப்பையில தண்ணி இருந்துச்சு. எந்திரிக்க முடியல, கைய நீட்டி எடுத்து ஊத்தினேன். சொல்ல வேண்டிய வார்த்தையெல்லாம் சொன்னேன். ஆக்னஸ்னு பேரும் வெச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்லறையில வெச்சேன்னு நீதானய்யா சொன்ன. அப்புறம் சொல்ல என்ன இருக்கு? காலிக் கோப்பையையும் அவ தலை ஈரத்தையும் பாத்து நீயே தெரிஞ்சுக்கிட்டன்னு நெனச்சேன்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் விம்மினாள். டீலியா பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று கதிரடிப்பு நின்றுபோனது.

சாமியார் கில்மார்ட்டின் சாயங்காலமே வந்து, என்ன வார்த்தை சொன்னாய் அம்மா என்று கேட்டார். டீலியா ஒன்று விடாமல் சொன்னாள். அவர், "அது போதும், எந்தப் பாப்பரசரும் இதுக்கு மேல செய்ய முடியாது. அவளுக்கு அன்னைக்கே கல்லறைத் தோட்டத்துல இடம் இருந்துச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். லோக்லினுக்கு அது எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில், வடக்குச் சுவரோரம் அடக்கம் நடந்தது. ஊரே வந்தது. குழியை வெட்டியது டோலன், வேறு யாரையும் கிட்டே விடவில்லை. எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகும் புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே நின்றார்கள்.

"பேரச் சொல்லி ஒருதரம் கூப்பிடுய்யா" என்றாள் டீலியா.

அவன் தொப்பியைக் கையில் சுருட்டினான்.

"அப்போ பேரு தெரியாட்டி என்ன, பதிமூணு வருசம் நீதான அவகூட இருந்த. தெனமும் போனியே. என்னென்ன பேசுவ?"

லோக்லின் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"ஒண்ணுமேவா பேசல?"

"அவளுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன், டீலியா" என்றான்.